ஓபெக் ஆலையும் ஸ்ரனிஸ்லாஸின் பெயரும்

ஓபெக் என்ற அந்தச் சின்ன நகரத்தில் ஸ்ரனிஸ்லாஸைத் தெரிந்தவர்கள் எல்லாரும் அவரைச் சந்தியாப்பிள்ளை என்றுதான் கூப்பிட்டார்கள். தபால்காரர், டேனிஷ் வகுப்பு ஆசிரியை, பல் வைத்தியரின் உதவியாள், எல்லாருக்கும் அவர் சந்தியாப்பிள்ளை. அவரும் மறுபேச்சில்லாமல் எழும்பிப் போவார். உண்மையில் அது அவருடைய தகப்பனாரின் பெயர். மன்னாரில் கரைவலை இழுத்து, பதினொரு வருடத்துக்கு முன்பே கண்ணை மூடிய மனிதர். போய்ச் சேர்ந்த அந்த மனிதரின் பெயரில் டென்மார்க்கில் ஒரு சைக்கிளும் வாசிகசாலை அட்டையும் வதிவிட அனுமதியும் இருந்தன. கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரலாம். ஸ்ரனிஸ்லாஸ் ஒருநாளும் சிரித்ததில்லை.

அவருக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. மன்னாரில் கூட்டுறவுக் கடையின் களஞ்சியத்துக்குப் பொறுப்பாக இருந்தவர். 1985 மாசி மாதத்தில் ஒரு காலை, துவக்கோடு வந்தவர்கள் ஊரை வளைத்து, ஆண்களைக் கோயில் வளவில் வரிசையாக நிறுத்தினார்கள். ஒருவன் கையில் பெயர்ப்பட்டியல். "ஸ்ரனிஸ்லாஸ்" என்று வாசித்தான். அந்த வளவில் இரண்டு ஸ்ரனிஸ்லாஸ் நின்றார்கள். ஒருவர் இவர். மற்றவர் அடுத்த தெருவில் வள்ளம் திருத்துகிறவர். இவருக்கு வாய் எழவில்லை. மற்றவர் கையை உயர்த்தினார். கொண்டுபோனார்கள். அவர் திரும்பி வரவேயில்லை. பட்டியலில் இருந்தது எந்த ஸ்ரனிஸ்லாஸ் என்று யாருக்கும் தெரியாது. அன்றிலிருந்து தன் பெயரைக் கேட்டாலே இவர் வாசல் பக்கம் திரும்பிப் பார்ப்பார்.

மனைவி அமலராணியையும் நாலு வயது மகள் கத்தரீனாவையும் வள்ளத்தில் இராமேஸ்வரம் கொண்டுபோய், மண்டபம் அகதி முகாமில் விட்டார். வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரன் ஒருவனைப் பிடித்து, கிழக்கு பெர்லின் வழியாக அந்த ஐப்பசியிலேயே டென்மார்க் எல்லைக்கு வந்து சேர்ந்தார். கடவுச்சீட்டில் ஊர் வழக்கப்படி தகப்பன் பெயர் முன்னாலும் தன் பெயர் பின்னாலும் இருந்தன. பொலிஸ்காரர் முன்னால் இருந்ததை ஆளின் பெயர் என்றும் பின்னால் இருந்ததைக் குடும்பப் பெயர் என்றும் எடுத்துக்கொண்டு, "சந்தியாப்பிள்ளை?" என்று கேட்டார். இல்லை என்று சொல்ல அரை நிமிடம் போதும். ஆனால் மேசைக்கு அந்தப் பக்கம் சீருடை, கையில் தாள், வாயில் ஒரு பெயர். அந்தப் பெயர் ஸ்ரனிஸ்லாஸ் இல்லை என்றதுமே இவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. தலையை ஆட்டினார். காட்டிய இடத்தில் கையெழுத்தும் போட்டார். முப்பத்தெட்டு வயதில் அப்பாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார் என்று சொன்னால் அது பொய்யில்லை.

மறு வருடம் வசந்தத்தில் வதிவிட அனுமதி கிடைத்தது. நகரசபை அவரை ஓபெக்குக்கு அனுப்பி, பழைய ஆலைத் தொழிலாளர் குடியிருப்பில் ஒரு வீடு கொடுத்தது. கூட இருந்தவர் குணசேகரம் என்ற யாழ்ப்பாணத்து இளைஞர்; பிராண்டேயில் ஒரு தொழிற்சாலைக்கு வேலைக்குப் போய்வருகிறவர். வந்த கையோடு ஸ்ரனிஸ்லாஸ் மனைவியையும் பிள்ளையையும் கூப்பிட விண்ணப்பம் போட்டார். அதற்குப் பிறகு அவருடைய நாட்கள் தபால் பெட்டியின் மூடி எழுப்பும் சத்தத்தில்தான் தொடங்கின.

ஓபெக் ஓர் ஆலைநகரம். நெசவாலை மூடி ஆறு வருடமாகியும் ஊருக்கு அந்தப் பெயர் போகவில்லை. புகைபோக்கி இன்னும் நின்றது. கீழே ஆலையின் அலுவலகக் கட்டடத்தில் நகரத்தின் பழைய தாள்களையெல்லாம் சேர்த்து வைத்திருந்தார்கள். இவருக்கு இங்கிலீஷ் வாசிக்க வரும், களஞ்சியக் கணக்கெழுத்தில் பழகிய கை என்று கேள்விப்பட்டு, டேனிஷ் வகுப்பிலிருந்து வாரம் மூன்று நாள் அங்கே வேலை பழக அனுப்பினார்கள். ஆலை தொடங்கிய காலத்து ஆட்பதிவேட்டிலிருந்து பெயர்களை ஒவ்வொன்றாக அட்டையில் பெயர்த்தெழுத வேண்டும். உலகத்தில் எத்தனையோ வேலை இருக்க, பெயர்ப்பட்டியலுக்குப் பயந்து ஓடிவந்தவருக்குப் பெயர்ப்பட்டியல்தான் கிடைத்தது.

அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டவள் கியர்ஸ்டன். அவளுக்கு நாற்பதைத் தாண்டிய வயது. ஆலை மூடும்வரை இருபத்திரண்டு வருடம் அதே ஆலையில் நெய்தவள். தறிகளின் இரைச்சலில் காது பாதி போய்விட்டது. நெசவுக்கூடத்தில் ஒருத்தி கத்தினாலும் மற்றவளுக்குக் கேட்காதாம். உதட்டைப் பார்த்தே கதைத்துக்கொள்வார்களாம். அந்தப் பழக்கத்தில் அவள் யாரோடு கதைத்தாலும் கண்ணைப் பார்க்காமல் வாயையே பார்ப்பாள். முதல் வாரம் ஸ்ரனிஸ்லாஸுக்கு அது விசாரணை மாதிரித்தான் இருந்தது.

பதிவேடு தோல் அட்டை போட்ட பெரிய புத்தகம். அதைப் புரட்டப் புரட்ட ஊர் வளர்வது தெரிந்தது. 1886இல் ஓபெக் என்பது பதினொரு வீடு, ஒரு மாவரைக்கும் நீராலை, ஒரு மரப்பாலம். அவ்வளவுதான். அடுத்த வருடம் வைலேயிலிருந்து ஒரு வியாபாரி வந்து ஆற்றங்கரைப் புல்வெளியை வாங்கினார். இங்கிலாந்தில் விக்டோரியா மகாராணி அரசாண்ட காலம். மன்னார் முத்துக்குளிப்பும் அப்போது அவள் ஆட்சியின் கீழ்தான். லங்காஷயரில் வார்த்த தறிகள் கப்பலில் வைலே துறைக்கு வந்து, அங்கிருந்து குதிரை வண்டிகளில் சேறும் சகதியுமாக ஓபெக்குக்கு வந்தன. தறிகளை ஓட்டிக் காட்ட ஓர் இங்கிலீஷ் மேற்பார்வையாளரும் கூடவே வந்தார். அவர் ஊருக்கு எழுதிய கடிதங்களின் பிரதிகள் கிடந்தன. இங்குள்ள பெண்கள் நல்லவர்கள், ஆனால் தறியைக் கண்டு நடுங்குகிறார்கள் என்று ஒன்றில் எழுதியிருந்தார். ஸ்ரனிஸ்லாஸ் அதைக் கியர்ஸ்டனுக்கு மொழிபெயர்த்துச் சொன்னபோது, நடுங்காமல் வேறு என்ன செய்யச் சொல்கிறார் அந்த மனிதர் என்று அவள் கேட்டாள்.

முதல் வருடத்துக்குப் பதிவேட்டில் ஒரு பக்கம் போதுமாக இருந்தது. மூன்றாம் வருடத்துக்குப் பன்னிரண்டு பக்கம். 1895க்குத் தனிப் புத்தகமே தேவைப்பட்டது. வெறும் புதர் மண்டிய பற்றைக்காட்டு மேட்டுநிலங்களிலிருந்து பெண்கள் மூட்டையோடு நடந்து வந்தார்கள். வந்தவர்களுக்கு ஆலையே செங்கல் வரிசை வீடுகள் கட்டியது. ஆலையே கடை வைத்தது. தேவாலயத்துக்கு மணியும் ஆலைதான் கொடுத்தது. விடியற்காலையில் ஆலைச் சங்கு ஊதினால் ஊரே எழும்ப வேண்டும். பத்து வயதுப் பிள்ளைகள் பாதி நாள் பள்ளிக்கூடத்திலும் பாதி நாள் நூல் கூடத்திலும் நின்றார்கள். பதினைந்து வருடத்தில் பதினொரு வீடு மூவாயிரம் சனமாகியது. இப்படித் திடீரென்று ஒரு நகரம் முளைத்தால் அதைப் பார்த்து மெச்சத்தான் எல்லாருக்கும் தோன்றும். ஸ்ரனிஸ்லாஸ் மெச்சவில்லை. அவர் கண்ணில் பட்டதெல்லாம் கடைசிப் பத்தியில் இருந்த குறிப்புகள். விரல் போனது. தலைமுடி இயந்திரப் பட்டையில் சிக்கியது. காய்ச்சல், வேலைக்கு வரவில்லை, வீடு திருப்பி எடுக்கப்பட்டது.

1898ஆம் வருடத்துப் பக்கங்களில் நாற்பத்தேழு பெயர்களின் மேல் சிவப்பு மையால் கோடு இழுத்திருந்தது. அதைக் கண்டதும் அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். இவர்களை எங்கே கொண்டுபோனார்கள் என்று கியர்ஸ்டனிடம் கேட்டார். அவள் முதலில் விளங்காமல் பார்த்தாள். பிறகு சொன்னாள்: யாரும் கொண்டுபோகவில்லை, வேலைநிறுத்தம் செய்தவர்கள், துரத்திவிட்டார்கள். இந்தப் பெயர்களைப் பிரதி எடுத்து மற்ற ஆலைகளுக்கும் அனுப்பினார்களாம், எங்கேயும் வேலை கிடைக்கக் கூடாது என்று. துவக்கில்லாமலும் பட்டியல் வைத்து ஆளை முடிக்கலாம் என்பது அவருக்கு அன்றுதான் தெரிந்தது. அவர் அட்டைகளை எழுதினார். எழுதிய ஒவ்வொரு பெயருக்காகவும் பயந்தார்.

1986 கார்த்திகை முதல் வாரத்தில் விண்ணப்பத்துக்குப் பதிலாக அந்தக் கடிதம் வந்தது. குணசேகரமும் இவரும் அகராதியை நடுவில் வைத்துக்கொண்டு குசினி மேசையில் இருந்து வாசித்தார்கள். கடிதம் இரண்டு விஷயம் சொன்னது. ஒன்று, திருமதி அமலராணியின் விவாகப் பத்திரத்தில் கணவனின் பெயர் ஸ்ரனிஸ்லாஸ், சந்தியாப்பிள்ளையின் மகன் என்று இருக்கிறது. விண்ணப்பதாரரின் பெயரோ சந்தியாப்பிள்ளை. ஆகவே விண்ணப்பதாரர் அந்தப் பெண்ணின் கணவரா, கணவரின் தகப்பனாரா என்று விளங்கவில்லை. இரண்டு, மதராசில் உள்ள டென்மார்க் அலுவலகத்தில் நேரில் விசாரித்தபோது கணவரின் பெயரைச் சொல்லும்படி மூன்று முறை கேட்டும் அந்தப் பெண் சொல்லவில்லை. மூன்று கிழமைக்குள் விளக்கம் தராவிட்டால் விண்ணப்பம் நிராகரிக்கப்படும்.

குணசேகரம் சிரித்துவிட்டார். "அண்ணை, இவையின்ர கணக்கிலை நீங்கள் அமலராணி அக்காவுக்கு மாமனாரெல்லே" என்றார். ஸ்ரனிஸ்லாஸின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கிக்கொண்டு தேத்தண்ணி போட எழும்பினார்.

மனைவி ஏன் பெயர் சொல்லவில்லை என்று ஸ்ரனிஸ்லாஸுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஏழு வருடக் குடும்ப வாழ்க்கையில் அவள் ஒரு தடவைகூட அவருடைய பெயரைச் சொன்னதில்லை. அவர்களுடைய ஊரில் எந்தப் பெண்தான் புருஷனின் பெயரைச் சொன்னாள்? "இஞ்சாருங்கோ" என்பாள், பிள்ளை பிறந்த பிறகு "கத்தரீனான்ர அப்பா". கடைக்காரன் கேட்டாலும் பக்கத்தில் நிற்கிற யாரையாவது சொல்லச் சொல்வாள். அந்த அலுவலகத்தில் தெரியாத ஆண்களுக்கு முன்னால் தலையைக் குனிந்துகொண்டு அவள் நின்றிருப்பதை அவரால் பார்க்க முடிந்தது. அதை அவர்கள் பொய்க்காரியின் மௌனம் என்று எழுதிக்கொண்டார்கள்.

இனி என்ன செய்வது? பதிவு பிழை என்று சொன்னால், பிறகு ஏன் கையெழுத்துப் போட்டாய் என்று கேட்பார்கள். ஒரு பொய்யைக் கண்டுபிடித்தால் எல்லாமே பொய் என்பார்கள். அனுமதியைப் பறித்து, விமானத்தில் ஏற்றி, இறங்குகிற இடத்தில் பட்டியலோடு ஒருவன் நிற்பான். சொல்லாமல் இருந்தாலோ அமலராணியும் பிள்ளையும் மண்டபத்திலேயே கிடக்க வேண்டும். பத்து நாள் அவர் நித்திரையில்லாமல் திரிந்தார். பாதைக்குக் குறுக்கே பொலிஸ் கார் போனால் சைக்கிளால் இறங்கி நின்றார். மூன்று கிழமையில் பாதி அப்படியே கழிந்தது.

பதினோராம் நாள் அவர் எழுத எடுத்த பக்கம் 1893ஆம் வருடத்துக் குடியிருப்புப் பட்டியல். பதினாலாம் இலக்க வீடு. குடும்பத் தலைவன் நீல்ஸ் ஹான்சன். அவனுடைய தகப்பன் ஹான்ஸ் பீட்டர்சன். மனைவியின் பெயர் 'ஆன', குடும்பப் பெயர் யென்ஸ்தாத்தர். மகன் பீட்டர் நீல்சன். ஒரு கூரையின் கீழ் நாலு பேர், நாலு குடும்பப் பெயர். அவர் விரலை வைத்து மூன்று தடவை வாசித்தார். ஹான்ஸின் மகன் ஹான்சன். நீல்ஸின் மகன் நீல்சன். யென்ஸின் மகள் யென்ஸ்தாத்தர். கியர்ஸ்டனைக் கூப்பிட்டு, இவர்கள் ஒரே குடும்பமா என்று கேட்டார்.

ஒரே குடும்பம்தான், என் குடும்பம் என்றாள் அவள். அந்த 'ஆன' அவளுடைய பூட்டி. அந்தக் காலத்தில் தகப்பன் பெயரைத்தான் பின்னால் போட்டுக்கொள்வார்களாம். அப்படிச் செய்யாதே, ஒரு குடும்பத்துக்கு ஒரு பெயரை வைத்துக்கொள் என்று சட்டம் வந்தும் நாட்டுப்புறத்துச் சனம் காதில் போட்டுக்கொள்ளவில்லையாம். ஆலை வந்து, ஆள் ஆயிரக்கணக்கில் பெருகி, ஒரே வீட்டுக்கு நாலு பெயர் எழுதி அலுத்துப்போன ஆலைக் கிளாக்கர் 1897இல் ஒருநாள் எல்லாரையும் ஹான்சன் என்று எழுதிவிட்டார். அதுவே நிலைத்தது. "நான் ஹான்சன் ஆனது அந்த மனிதரின் சோம்பலால்" என்றாள்.

அவர் 1898ஆம் வருடப் புத்தகத்தை மறுபடி எடுத்துப் பார்த்தார். அதில் 'ஆன ஹான்சன்' என்று இருந்தது. அந்தப் பெயரின் மேலேயும் சிவப்புக் கோடு இருந்தது. இவளுக்கு என்ன நடந்தது என்று கேட்டார். முதலில் தறியை நிறுத்தியது யார் என்று மேற்பார்வையாளர் கேட்டாராம். நான், ஆன யென்ஸ்தாத்தர் என்று சொன்னாளாம். மாரிக் குளிரில், வீடும் போய், நாலு பேரும் தெருவில் நின்றார்களாம். கியர்ஸ்டன் அதை அலங்காரமில்லாமல் சொன்னாள். பெயர் சொன்னால் நல்லது நடக்கும் என்று அந்தக் கதையில் எங்கேயும் இல்லை.

ஆனாலும் ஸ்ரனிஸ்லாஸ் வாயைத் திறந்தார். வேறு வழி இருக்கவில்லை. சந்தியாப்பிள்ளை தன்னுடைய தகப்பன் என்று சொன்னார். கடிதத்தை எடுத்து மேசையில் வைத்தார். அவள் வாசித்து முடித்து, "அப்படியென்றால் உன் பெயர் என்ன?" என்று கேட்டாள்.

அவர் சொன்னார். குரல் வெளியே வரவில்லை. உதடு மட்டும்தான் அசைந்தது. இருபத்திரண்டு வருடம் தறிக்கூடத்தில் நின்றவளுக்கு அது போதுமாக இருந்தது. அவள் அவருடைய வாயைப் பார்த்தபடி, மெதுவாக, பிழையில்லாமல் அந்தப் பெயரைத் திருப்பிச் சொன்னாள். அவர் அறியாமலே கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். யாரும் வரவில்லை.

இரண்டு நாள் கழித்து வைலே பொலிஸ் நிலையத்துக்கு அவளே தன் காரில் கூட்டிக்கொண்டு போனாள். பதினாலாம் இலக்க வீட்டுப் பக்கத்தின் பிரதியையும் கடித உறையில் போட்டுக் கொண்டுவந்திருந்தாள். உள்ளே இருந்த அதிகாரி இளவயதுக்காரர். பிரதியை மரியாதைக்கு ஒருதரம் பார்த்துவிட்டு ஓரமாக வைத்தார். கியர்ஸ்டனுக்கு அது பிடிக்கவில்லை. அதிகாரி இவரைப் பார்த்துக் கேட்டது ஒரே ஒரு கேள்வி: பிழை என்று தெரிந்தும் ஏன் கையெழுத்துப் போட்டீர்கள்?

வரும் வழியெல்லாம் அவர் எத்தனையோ பதில் தயார்செய்து வைத்திருந்தார். மொழி விளங்கவில்லை, களைப்பு, எங்கள் ஊர் வழக்கம். ஆனால் அந்த நேரம் கண் முன்னால் கோயில் வளவு வந்தது. வள்ளம் திருத்துகிறவரின் உயர்த்திய கை வந்தது. தெரிந்த டேனிஷில் இரண்டே சொல் சொன்னார். "எனக்குப் பயம்." பிறகு, அரைகுறை வசனங்களில், வளவுக் கதையை முழுதாகச் சொன்னார். டென்மார்க்கில் அதை அவர் யாருக்கும் சொன்னதில்லை. அதிகாரி டைப் அடிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

பெயரைத் திருத்தலாம் என்று கடைசியில் அதிகாரி சொன்னார். அனுமதிக்கு ஒன்றும் ஆகாது என்றுதான் நினைக்கிறேன், ஆனால் முடிவு என் கையில் இல்லை என்றும் சொன்னார். மதராசில் உங்கள் மனைவியை மறுபடி கூப்பிடுவார்கள். அவள் தன் வாயால் கணவரின் பெயரைச் சொல்ல வேண்டும். அன்றும் சொல்லாவிட்டால் யாராலும் உதவ முடியாது.

நாள் குறித்துக் கடிதம் வந்தது: மார்கழி பன்னிரண்டு. அதற்கு ஒன்பது நாள்தான் இருந்தது. கடிதம் போட்டால் மண்டபம் போய்ச் சேர மூன்று கிழமை. தபாலகத்துக்கு ஓடித் தந்தி அடித்தார். கேட்டால் என் பெயரைச் சொல்லு, ஒன்றும் நடக்காது என்று. ஒன்றும் நடக்காது என்பதை அடிக்கும்போது தானே அதை நம்பவில்லை என்பதும் அவருக்குத் தெரிந்தது. கூடவே கியர்ஸ்டன் வீட்டுத் தொலைபேசி இலக்கத்தையும் போட்டார்.

பன்னிரண்டாம் திகதி வெள்ளிக்கிழமை. காலை எட்டு மணிக்கே கியர்ஸ்டன் வீட்டில் போய் இருந்துவிட்டார். மதராசில் அப்போது மத்தியானம் பன்னிரண்டரை. அவள் கோப்பி வைத்தாள், அது ஆறியது. பத்து மணி. பதினொன்று. தந்தி போயிருக்காது. போயிருந்தாலும் முகாமில் வேறு யாரோ வாங்கியிருப்பார்கள். வாங்கியிருந்தாலும் அவள் சொல்ல மாட்டாள். கியர்ஸ்டன் கம்பளி நூலோடு எதிரே இருந்து, அவருடைய உதடு அசைவதைப் பார்த்தாள், என்ன சொல்கிறார் என்று விளங்கவில்லை. அவர் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்.

பன்னிரண்டே காலுக்குத் தொலைபேசி அடித்தது. முதலில் இரைச்சல். பிறகு கத்தரீனா யாரோடோ சிணுங்குவது கேட்டது. பிறகு அமலராணி.

"இஞ்சாருங்கோ."

அவர் கேட்கும் முன்பே அவளே கதைத்தாள். தந்தி முந்தாநாள்தான் கைக்கு வந்ததாம். போன முறை வெட்கத்தால் மட்டும் வாய் மூடி நிற்கவில்லை என்றாள். "அண்டைக்குக் கோயில் வளவிலை வாசிச்ச பேரெல்லே. நான் சொல்லி, அவை எழுதி, உங்களுக்கு ஏதும் வந்திடுமோ எண்டு பயந்திட்டன்."

ஸ்ரனிஸ்லாஸ் இவ்வளவு காலமும் அந்தப் பயம் தன்னுடையது மட்டும் என்று நினைத்திருந்தார். அவள் அதை மண்டபத்திலும் மடியில் கட்டிக்கொண்டு இருந்திருக்கிறாள்.

"இண்டைக்கு?" என்று கேட்டார்.

"சொன்னனான்."

"என்னெண்டு சொன்னனீர்?"

இரைச்சல் மட்டும் கேட்டது. தொடர்பு அறுந்துவிட்டது என்றே அவர் நினைத்தார். பிறகு அவள் சொன்னாள். ஏழு வருடத்தில் முதல் தடவையாக, கோயிலில் பூசைக்குப் பதில் சொல்வதுபோல ஒவ்வோர் எழுத்தாக, மெல்லச் சொன்னாள்.

"ஸ்ரனிஸ்லாஸ்."

அவருடைய வலது கை தானாக மேலே எழுந்தது. கம்பளி நூலைக் கீழே வைத்துவிட்டுக் கியர்ஸ்டன் அந்தக் கையைப் பார்த்தாள், எதற்கு என்று அவளுக்குத் தெரியவில்லை.

"ஓம்" என்றார் அவர். "நான்தான்."